கலுங்கு இல்லாத வரப்பு: 70 செண்டில் ஐந்து மழைக்காலம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊரைக் கடந்து போனது. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம்வரை புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் 70 செண்டில் 41 தென்னை நின்றன. விடிந்து பார்த்தபோது ஆறுதான் மிச்சம். அப்பா வைத்த இரண்டு பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலைப்பொழுதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கு அடுத்து நான் செய்தது தவறான வேலை. வெற்று நிலத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. 2019 தை, மாசியில் கிடைத்த கன்றையெல்லாம் வாங்கி நட்டேன். தென்னை, மா, கொய்யா, நெல்லி என்று 60 கன்று. அந்தக் கோடை தமிழ்நாடு முழுக்கவே தண்ணீருக்குத் தவித்த கோடை. போர்வெல் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்று வாங்க ஆரம்பித்துவிடும். குடத்தில் சுமந்து ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் கன்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஈரமாகும், மறுநாள் மதியம் மண் வெடிக்கும். ஆடிக்காற்று முடிந்து எண்ணிப் பார்த்தால் 17 கன்றுதான் உயிரோடு இருந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில்தான் நிரந்தர வேளாண்மையை, அதாவது பெர்மாகல்ச்சரை, முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் வகுத்த முறை அது. மோலிசன் 1987இல் இந்தியாவுக்கு வந்து, இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் வகுப்பு எடுத்திருக்கிறார். அங்கேயும் மானாவாரிச் செம்மண்தான். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கடவூர் பக்கம் சுருமான்பட்டியில் இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் பண்ணைக்கும் போய் வந்தேன். எங்கள் மண்ணைவிட மோசமான காய்ந்த பூமியில் மரம் நிற்பதைக் கண்ணால் பார்த்தது, படித்ததைவிடப் பெரிய பாடம்.

படித்ததில் என்னை உலுக்கியது வேலையின் வரிசை. மோலிசனுக்கும் முன்னால், 1950களில், யோமன்ஸ் என்கிற ஆஸ்திரேலிய விவசாயி சொன்ன வரிசை அது. தட்பவெப்பம், நிலத்தின் வாட்டம், நீர், பாதை, அதற்கப்புறம்தான் மரம். மாற்ற முடியாததிலிருந்து மாற்றக்கூடியதை நோக்கி வர வேண்டும். நான் ஐந்தாவது வேலையை முதலில் செய்திருந்தேன்.

சரி, நீரிலிருந்து ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தபோது 2020 மார்ச். ஊரடங்கு. எங்கும் போக முடியாது என்பதால் நிலத்திலேயே இருந்தேன்.

எங்கள் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே இறங்குகிறது. நீளம் 250 அடி இருக்கும், அந்த நீளத்துக்கு மொத்த வாட்டம் 4 அடி. கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். ஆனால் மழை நாளில் சிவப்புத் தண்ணீர் கிழக்கு வேலியை நோக்கி ஓடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் அகழி வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் வரப்பாகப் போட வேண்டும். ஓடுகிற தண்ணீர் அகழியில் நின்று, நிதானமாக மண்ணுக்குள் இறங்கும். எண்ணம் இவ்வளவுதான். ஒரே மட்டம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மட்டம் பார்க்க ஏ வடிவச் சட்டம் கட்டினேன். 7 அடிச் சவுக்குக் கழி இரண்டு, குறுக்கே ஒரு மூங்கில். உச்சியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு பெரிய நட்டைத் தொங்கவிட்டேன். கால்களுக்கு நடுவே 5 அடி இடைவெளி. இதைச் சரிபார்க்கும் முறை எளிது. இரண்டு கால் நிற்கும் இடத்திலும் முளை அடித்து, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போட வேண்டும். அப்புறம் சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த முளையில் வலது காலையும், வலது கால் இருந்த முளையில் இடது காலையும் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது கோடு. இனி நூல் அந்த நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம் என்று அர்த்தம். ரசமட்டம் தேவையில்லை, கழிகள் ஒரே நீளமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் காற்றில் நூல் நிற்காது. சட்டத்தை எடுத்துவைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு வேப்பங்குச்சி. முதல் கோடு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது குச்சிகள் தென்வடலாக நேரே போகவில்லை. புற்று இருக்கும் இடத்தில் கிழக்கே பிதுங்கி, பழைய பாத்தி இருந்த இடத்தில் மேற்கே ஒதுங்கி, பாம்பு போனதுபோல வளைந்திருந்தன. 40 வருடமாக நடந்த நிலத்தின் உருவத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் சுமார் 110 அடி. நானும் ஊரிலிருந்து இரண்டு பேரும் மண்வெட்டி, கடப்பாரையால் மூன்று வாரம் வெட்டினோம். மேலே 3 அடி அகலம், ஆழம் ஒன்றரை அடி. அதற்குக் கீழே சரளை வந்துவிட்டது, விட்டுவிட்டோம். மூன்றாவது கோட்டை மட்டும் நான் ஒரு மதிய வேளையில் அவசரமாகக் குறித்தேன். சட்டத்தின் கயிற்றுக் கட்டு தளர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை, மறுபடி சரிபார்க்கவும் இல்லை. அதன் பலன் டிசம்பரில் தெரிந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி மழை அழகாகப் பெய்தது. இரண்டு மணி நேர மழைக்கு அகழிகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், மறுநாள் மாலைக்குள் இறங்கிவிடும். கிழக்கு வேலிக்குச் சிவப்புத் தண்ணீர் வரவே இல்லை. வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். வரப்புகளை ஒட்டிப் புதிதாக 38 கன்றும் நட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் வலுவிழந்து வந்து, நகராமல் நின்று கொட்டியது. இரண்டாம் நாள் இரவு மூன்றாவது வரப்பு உடைந்தது. விடிந்து குடையோடு போனபோது, நடுவில் ஏழெட்டு அடிக்கு வரப்பே இல்லை. உடைப்பிலிருந்து கிழக்கு வேலிவரை இடுப்பளவு பள்ளம் பறித்து, நட்ட கன்றில் ஐந்தையும் கிளுவை வேலியில் ஒரு பகுதியையும் தண்ணீர் இழுத்துப் போயிருந்தது. வரப்பு இல்லாமலே இருந்திருந்தால் இவ்வளவு மண் போயிருக்காது.

மழை விட்டதும் பெரியப்பா பார்க்க வந்தார். எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்கும் வேலையை ரொம்ப காலம் பார்த்தவர். உடைப்பின் பக்கமே போகவில்லை. வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்ப்பா, கலுங்கு எங்க வச்சிருக்க?"

கண்மாய் நிறைந்தபின் மிஞ்சுகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போக வைக்கும் வாய்தான் கலுங்கு. நான் வைக்கவில்லை. பாடத்தில் வழிந்தோடும் வாய் பற்றி இருந்தது, படமும் இருந்தது. நம் சின்ன அகழிக்கு அதெல்லாம் வேண்டியிருக்காது என்று தாண்டிப் போயிருந்தேன். புதுக்கோட்டைச் சீமையில் கலுங்கு இல்லாத கண்மாயை யாரும் கட்டியதில்லை. தண்ணீரை நிறுத்துகிற எந்தக் கரைக்கும், மிஞ்சினது எந்த வழியாகப் போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் தண்ணீர் முடிவு செய்யும், கரையின் மிகத் தாழ்ந்த, மிக இளகிய இடத்தைப் பார்த்து. மூன்றாவது வரப்பில் அது, நான் அவசரமாகக் குறித்த அந்த நடு இடம். பிறகு அளந்தபோது மற்ற இடத்தைவிட மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது.

அன்று இரவுதான் கணக்கையே போட்டேன். வெட்டும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு செண்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அப்படியானால் 5 சென்டிமீட்டர் மழைக்கு ஒரு செண்டில் விழுவது 2,000 லிட்டர், எங்கள் 70 செண்டில் 1,40,000 லிட்டர். மூன்று அகழியும் சேர்ந்து, ஓரச் சரிவு போக, கொள்ளக்கூடியது சுமார் 30,000 லிட்டர். மண் காய்ந்திருக்கும்போது பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும், அகழிக்கு வருவது கொஞ்சம்தான். இரண்டு நாள் நனைந்து மண் நிரம்பிய பிறகு விழுவதெல்லாம் ஓடத்தான் செய்யும். அத்தோடு மேற்கே இருக்கிற பக்கத்து நிலத்துத் தண்ணீரும் எங்கள் வழியாகத்தான் இறங்குகிறது.

2021 தை மாதம் கலுங்கு வைத்தோம். பெரியப்பா நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதல் அகழிக்குத் தெற்கு முனையில், இரண்டாவதற்கு வடக்கு முனையில், மூன்றாவதற்கு மறுபடி தெற்கில். இப்படி மாற்றி வைத்தால் மிஞ்சுகிற தண்ணீர் நேரே பாயாமல் நிலம் முழுக்க நடந்து இறங்கும். கடைசிக் கலுங்கிலிருந்து வேலியோரமாக ஊரணி வாய்க்காலுக்கு வழி. கலுங்கின் அகலம் 4 அடி, வரப்பின் உச்சியைவிட அரை அடி தாழ்வு. குறுகலாக வைத்தால் தண்ணீர் வேகம் எடுத்து அரித்துவிடும், அகலமாகவும் சரிமட்டமாகவும் இருந்தால் மெலிசாக வழியும். அடியில் செம்புறைக்கல் துண்டுகளை நெருக்கி அடுக்கி, இறங்கும் பக்கம் வெட்டிவேர் நட்டோம். வரப்பு முழுக்க அருகம்புல்லும் கொழிஞ்சியும் பிடிக்கவிட்டேன். மூன்றாவது அகழியைப் பாதிக்குமேல் மூடி, புதிதாக மட்டம் பிடித்து வெட்டினோம். இந்த முறை கழிகளைக் கயிற்றால் கட்டவில்லை, போல்ட் போட்டு முடுக்கினேன்.

அந்த வருட வடகிழக்குப் பருவமழை எங்கும் கொட்டித் தீர்த்தது. நவம்பரில் மூன்று கலுங்கும் ஒரே நேரத்தில் வழிந்ததை நின்று பார்த்தேன். கடைசிக் கலுங்கில் வழிந்த தண்ணீரில் நிறம் ரொம்பக் குறைவு.

இன்னொரு தவறையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாராவது படித்துவிட்டு எங்கள் பக்கத்தில் அதையே செய்துவிடக் கூடாது.

ஐரோப்பாவில் மரத்துண்டுகளைப் புதைத்து, மேலே மண் ஏற்றி, மேட்டுப்பாத்தி போடும் பழக்கம் உண்டு. மரம் மட்கும்போது பஞ்சுபோல ஈரம் பிடிக்கும். நிலத்தில் கஜா சாய்த்த தென்னந்துண்டுகள் ஒன்றரை வருடமாகக் கிடந்தன. முதல் வரப்புக்கு அடியில் 5 அடித் துண்டுகளாக 11 துண்டு புதைத்து மண் மூடினேன். ஈரம் நன்றாகத்தான் நின்றது. 2021 வைகாசியில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கூப்பிட்டார். கஜாவுக்குப் பிறகு அவர் வைத்த இளந்தென்னைகளில் விரிந்த மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டினதுபோல இருந்தது. குருத்தில் ஓட்டை, ஓட்டை வாயில் மென்று துப்பின நார். காண்டாமிருக வண்டு. எனக்கு அப்போதே வயிறு கலங்கியது.

வரப்பைத் தோண்டினோம். மழையில் மேல்மண் சரிந்து சில இடத்தில் மூடாக்குக்கு (மண்ணை மூடிப் போட்ட சருகு, தழை) கீழே நேராகத் துண்டே இருந்தது. முதல் துண்டைக் கடப்பாரையால் நெம்பினபோது மரத்தின் மெத்தென்ற உட்சோறு இத்துப்போய் ஈரத் தூளாகக் கொட்டியது. அதற்குள் கட்டைவிரல் பருமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடந்தன புழுக்கள். அந்த ஒரு துண்டில் மட்டும் 23. மட்கும் தென்னந்துண்டும் எருக்குழியும்தான் அந்த வண்டு முட்டை வைக்கிற இடம் என்பது தென்னை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். ஆனால் பாத்தி போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. வேறொரு நாட்டு மரத்துக்கும் வேறொரு நாட்டுப் பூச்சிக்கும் பொருந்துகிற முறையை அப்படியே எடுத்துவிட்டேன்.

11 துண்டையும் வெளியே எடுத்துப் பிளந்து, புழுக்களைக் கோழிக்குப் போட்டு, துண்டுகளைக் காயவைத்து எரித்தோம். எருக்குழிக்கு, அந்தப் புழுக்களைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் கலந்து ஊற்றினேன். அண்ணன் தோட்டத்திலும் எங்கள் நிலத்திலும் சின்ன மண்பானைகளில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கு என்ற கணக்கில் கரைத்து வைத்தோம். வாடைக்கு வண்டு வந்து விழும். காலையில் போய் அள்ளி எடுப்பது நான்கு மாதம் என் வேலை. அவருடைய தென்னையில் இரண்டு குருத்து அழிந்துபோனது. அதற்குப் பதில் கன்று கொண்டுபோய் நானே நட்டுக் கொடுத்தேன். இப்போது வரப்பில் முருங்கை, கிளைரிசிடியா, வேம்புக் கழிவு மட்டும்தான் போடுகிறேன். தென்னை, பனைத் துண்டு எதுவும் மண்ணுக்குள் போவதில்லை.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம். 2021 ஆடி, ஆவணியில் கிடைத்த மழையில் பலதானியம் விதைத்தேன். கம்பு, சோளம், தினை, சாமை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை. எள், ஆமணக்கு, நிலக்கடலை. கொத்தமல்லி, கடுகு, வெந்தயம். உரத்துக்குச் சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு, நரிப்பயறு. ஏக்கருக்கு 25 கிலோ கணக்கில் எங்கள் நிலத்துக்கு 17 கிலோ. கொண்டைக்கடலையும் வெந்தயமும் அந்த வெயிலில் வரவே இல்லை. சணப்பும் தட்டைப்பயறும் ஆள் மறைகிற மாதிரி வந்தன. 50 நாளில் பூ எடுத்ததும் அறுத்து அதே இடத்தில் மூடாக்காகப் படுக்கப்போட்டோம். உழவில்லை.

மூடாக்குக்குக் கரையான் வந்தது. ஊரில் பலர் இதற்குப் பயந்துதான் சருகை எரிக்கிறார்கள். நான் கவனித்தவரை கரையான் காய்ந்த சருகைத் தின்கிறது, அதற்குத் தின்ன அது இருக்கும்வரை பச்சை மரத்துக்கு வருவதில்லை. ஆனாலும் கன்றின் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் போடுகிறேன்.

மாற்றம் உண்மையா, என் ஆசையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 4 அங்குல பிவிசி குழாயில் 10 அங்குலத் துண்டு. அதை மண்ணில் 3 அங்குலம் அடித்து இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இறங்குகிற நேரத்தைக் கைப்பேசியில் பார்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில், குறித்த அதே ஐந்து இடங்களில். 2020இல் முதல் வரப்புக்குக் கீழே 46 நிமிடம். 2025 சித்திரையில் அதே இடத்தில் 7 நிமிடம். நடைபாதையாக விட்ட வெற்று மண்ணில் மட்டும் இன்றும் 50 நிமிடத்தைத் தாண்டுகிறது. நிலத்தில் ஒரே மழைதான் பெய்கிறது என்பதால் இந்தக் கணக்கை நான் நம்புகிறேன். கன்றுக் கணக்கை அவ்வளவு நம்ப மாட்டேன். 2020இல் நட்ட 38இல் தண்ணீர் இழுத்துப்போன ஐந்து போக 31 பிழைத்தது, அதற்கு 2021இன் நல்ல மழைக்கும் பங்கு உண்டு.

எங்கே நடுவது என்பதையும் நட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வரப்பின் உச்சியில் வைத்த கொய்யா கோடையில் வாடியது, உச்சி சீக்கிரம் காய்கிறது. அகழிக்குள் வைத்த பப்பாளி ஒரே மழையில் வேர் அழுகிச் சாய்ந்தது. வரப்பின் கீழ்ச் சரிவு முடிகிற இடம்தான் சரி. அங்கே நாவலும் பலாவும் நெல்லியும் நிற்கின்றன. இரண்டு பழ மரத்துக்கு நடுவே ஒரு அகத்தி. அகத்தி வேகமாக நிழல் தரும், தழையை ஆட்டுக்கும் மூடாக்குக்கும் ஒடித்துக்கொள்ளலாம், பழமரம் எழும்பும்போது வெட்டிவிடலாம்.

வீட்டுப் பக்கம் செய்தது ஒன்றுதான், அது சுலபமாக வந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் வட்டக்குழி வெட்டி, மட்டை, சருகு, அடுப்படிக் கழிவு போட்டு நிரப்பி, விளிம்பில் ஐந்து வாழையும் சேம்பும் வைத்தோம். அப்பத்தா காலத்திலும் கொல்லைக் கழனித் தண்ணீரில் வாழை இருந்தது, குழி மட்டும்தான் புதிது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த ஆடியில் வேலை வரிசை இப்படி இருக்கிறது. இரண்டாவது அகழியில் முக்கால் அடிக்கு வண்டல் சேர்ந்துவிட்டது, புரட்டாசிக்குள் அள்ள வேண்டும். போன வருடம் முதல் அகழியில் அள்ளிய வண்டலில் போட்ட சேனை ஒரு கிழங்கு நாலு கிலோ வந்தது, அதனால் இந்த முறை வண்டலைக் கேட்டு அண்ணனும் சொல்லிவைத்திருக்கிறார். தெற்குக் கலுங்கில் இரண்டு கல் பெயர்ந்திருக்கிறது. மேற்கு நிலத்துக்காரரிடம் பேசிப் பார்த்தேன், அவருடைய நிலத்திலும் மேலே ஒரு அகழி வெட்டச் சம்மதித்திருக்கிறார். ஏ சட்டத்தை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே போகிறோம். பெரியப்பாவும் வருகிறார், கலுங்கு வைக்கும் இடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.